கொம்பும் காலும் வந்த பெயர்கள் மட்டும் திறக்கவில்லை: வண்ணாரப்பேட்டை அச்சகம் ஒன்றின் நெட்வொர்க்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த அச்சகம். கீழே இரண்டு ஆஃப்செட் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், அச்சுத் தகடு (பிளேட்) எடுக்கும் அறை, பைண்டிங் மேசை, ஆர்டர் எடுக்கும் கவுண்டர். மாடியில் டிடிபியும் (கணினியில் எழுத்து அடித்துப் பக்கம் அமைக்கும் வேலை) கணக்கும். ஜவுளிக்கடைகளுக்குப் பில் புத்தகம், விலைச்சீட்டு அடிப்பார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை வரைக்கும் கல்யாண அழைப்பிதழ் போகும். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோயில் கூழ் வார்த்தல் நோட்டீஸுக்கு இரவும் பகலும் மெஷின் ஓடும்.

2024-இல் இந்த இடத்தின் கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் 11 கணினி. டிடிபியில் இரண்டு மேக், மூன்று விண்டோஸ் 10. கவுண்டரில் மூன்று உபுண்டு (லினக்ஸ்). கணக்கில் டாலி ஓடும் இரண்டு விண்டோஸ் 7. பிளேட் செட்டரோடு ஒட்டிய ஒரு விண்டோஸ் எக்ஸ்பி. யாரும் திட்டம் போட்டு இப்படிக் கலந்து வைக்கவில்லை. வண்ணப் புத்தக வேலைக்காக மேக் வந்தது. கோரல் டிராவில் கைபழகியவர்களுக்காக விண்டோஸ் இருந்தது. 2020 ஜனவரி 14-இல் விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, கவுண்டர் கணினிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் முதலாளியின் அண்ணன் மகன் அவற்றில் உபுண்டுவை ஏற்றிவிட்டார். சின்ன அலுவலகங்களில் கலப்பு நெட்வொர்க் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. ஒவ்வொரு கணினிக்கும் அங்கே இருக்க ஒரு நியாயமான காரணம் இருக்கும். அதனால் "எல்லாவற்றையும் ஒரே சிஸ்டத்துக்கு மாற்றிவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னைக் கூப்பிட வைத்தது ஒரு அழைப்பிதழ். முகூர்த்தம் 6.00–7.30 என்று வீட்டார் திருத்திக் கொடுத்திருந்தார்கள். பிளேட்டுக்குப் போனது 7.30–9.00 என்று இருந்த பழைய கோப்பு. 800 அழைப்பிதழ் அடித்து, மடித்து, மஞ்சள் தடவி, கட்டிய பிறகுதான் பெண் வீட்டார் பார்த்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி அடித்துக் கொடுத்தார் முதலாளி. கோப்புகள் பென் டிரைவில் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தன. திருத்திய கோப்பு ஒரு பென் டிரைவில், திருத்தாதது இன்னொன்றில். இரண்டுக்கும் பெயர் ஒன்று. மெஷின் ஓட்டும் அண்ணன் என்னிடம் சொன்னது இதுதான்: "பேரு ஒண்ணுதான் தம்பி, உள்ள சரக்கு வேற கீது."

இந்த வாக்கியம் முழு வேலைக்கும் பொருந்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கேபிளும் கரண்டும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காசிமேட்டுக் கடல் காற்று இங்கேயும் வருகிறது. பழைய கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. எல்லா முனைகளையும் வெட்டிப் புதிதாக அடித்தேன். மெஷின் மோட்டாரின் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்த நெட்வொர்க் கேபிளைப் பிரித்து வேறு சுவர் வழியாக எடுத்தேன். மெஷின் கிளம்பும்போதெல்லாம் கவுண்டரில் நெட் போய்விடுகிறது என்ற பல வருடப் புகார் அதோடு நின்றது. 16 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினோம். எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்கப்போகும் சர்வரை மாடியில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்றதன் கோடு சுவரில் இன்னும் தெரிகிறது.

இன்னொரு விஷயம். பாதிக் கணினிகளுக்கு 192.168.1 என்று தொடங்கும் நெட்வொர்க் முகவரி, மீதிக்கு 192.168.0. ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாது. பைண்டிங் பக்கம் சிக்னல் வரவில்லை என்று யாரோ இரண்டாவது வைஃபை ரவுட்டரை மாட்டியிருந்தார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. முகவரி கொடுப்பது ஒரே ஒரு கருவியாக இருக்க வேண்டும். அந்த வேலையை சர்வரிடம் கொடுத்தேன்.

ஒரே நெறிமுறை

பழைய ஐ5 கணினி ஒன்றில் டெபியன் 12 என்ற லினக்ஸை ஏற்றினேன். 2 டெராபைட் வட்டுகள் இரண்டு, ஒன்றின் நகலாக மற்றொன்று. அதில் சாம்பா. ஆஸ்திரேலியாவில் கான்பராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய மென்பொருள். கோப்புகளைப் பகிர விண்டோஸ் பேசும் எஸ்எம்பி என்ற நெறிமுறையை யூனிக்ஸ் கணினிகளும் பேச வைப்பது. இன்று மேக்கும் அதையே பேசுகிறது. 2013-இல் வந்த மேவரிக்ஸில் இருந்து ஆப்பிள் தன் சொந்த நெறிமுறையான ஏஎஃப்பியை ஒதுக்கிவிட்டு எஸ்எம்பி 2-ஐ முதன்மையாக்கியது.

லினக்ஸுக்கு என்எஃப்எஸ், விண்டோஸுக்கு எஸ்எம்பி, பழைய மேக்குக்கு ஏஎஃப்பி என்று ஒரே ஃபோல்டரை மூன்று வழியில் திறந்துவிடும் அமைப்பை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். வேகமாக இருக்கும், வேண்டாம். ஒருவர் ஒரு கோப்பைத் திறந்து வேலை செய்யும்போது அதற்குப் பூட்டு போடப்படுகிறது. ஒரு வழியில் போட்ட பூட்டு இன்னொரு வழியில் வருகிறவருக்குத் தெரியும் என்று நம்ப முடியாது. இருவரும் சேமித்தால் பின்னால் சேமித்தவர் முன்னவரின் வேலையை அழித்துவிடுவார். அச்சகத்துக்கு வந்த நோயே இதுதான். அதனால் எல்லோருக்கும் எஸ்எம்பி மட்டும்.

எல்லாப் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் போடலாமா என்று கேட்டார்கள். விண்டோஸ் ஹோம் பதிப்புகள் டொமைனில் சேராது, அங்கே இரண்டு ஹோம் இருந்தன. 11 கணினிக்கு அந்தச் சுமை தேவையும் இல்லை. ஆளுக்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சர்வரில் உருவாக்கினேன். அவரவர் கணினியிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு வைத்தேன். விண்டோஸ் தானாகவே அதைக் கொடுத்து உள்ளே போய்விடும், ஒவ்வொரு முறையும் கேட்காது. பாஸ்வேர்டே இல்லாத பொது ஃபோல்டர்தான் சுலபம் என்று கணக்கு அக்கா சொன்னார். புதிய விண்டோஸ் பதிப்புகள் அப்படித் திறந்து கிடக்கும் ஃபோல்டரை வரிசையாக மறுத்து வருகின்றன. இன்றைக்கு ஓடினாலும் ஒரு அப்டேட்டில் நின்றுவிடும்.

சர்வரின் பெயரிலும் ஒரு சிக்கல் வந்தது. மூன்று சிஸ்டமும் அக்கம்பக்கத்தை மூன்று விதமாகத் தேடுகின்றன. மேக்கும் உபுண்டுவும் பான்ஜூர் முறையில் தேடும். பழைய விண்டோஸ் நெட்பயாஸ் வழியாகத் தேடும். எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 இல்லாத விண்டோஸ் 10-க்கு டபிள்யூஎஸ்டி என்ற வேறு அறிவிப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் "நெட்வொர்க்" பக்கத்தில் சர்வரே தெரியாது. முகவரியைத் தட்டினால் திறக்கும், ஆனால் பார்க்கிறவர்கள் "சர்வர் டவுன்" என்றுதான் நினைப்பார்கள். மூன்று அறிவிப்புகளையும் சர்வரில் ஓடவிட்டேன். "களம்" என்று பெயர் வைத்தோம், ஆங்கில எழுத்தில்தான். நெட்பயாஸ் பெயர் 15 எழுத்துக்குள் அடங்க வேண்டும், தமிழ் எழுத்தை அது தாங்காது.

திறக்காத ஃபோல்டர்கள்

பழைய மேக் ஒன்றில் ஏழெட்டு வருட வேலை இருந்தது. அதை ஒரு ராத்திரி மேக்கில் இருந்தே ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலை வைத்து சர்வருக்கு அனுப்பினேன். காலையில் விண்டோஸில் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, திறக்கிறது. மேக்கில் ஃபோல்டர் பெயர்கள் தெரிகின்றன, சில மட்டும் திறக்கவில்லை. அனுமதிச் சிக்கல் என்று நினைத்து அரை நாள் வீணாக்கினேன்.

காரணத்தைப் பிடித்தது டிடிபி அக்கா. இருபது வருடமாகத் தமிழ் அடிக்கிறவர். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "கல்யாணம் தொறக்குது, காதுகுத்து தொறக்குது. பொங்கல் மலர் தொறக்கலை, கோயில் நோட்டீஸ் தொறக்கலை, போஸ்டர் தொறக்கலை. கொம்பும் காலும் சேந்து வர்ற பேரு மட்டும் அடம்பிடிக்குது பாருங்க தம்பி."

அதுதான் விஷயம். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் "பொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ப-வுக்குப் பின் "ொ" என்ற ஒரே குறி. அல்லது ப, அப்புறம் ஒற்றைக் கொம்பு, அப்புறம் கால் என்று தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. உள்ளே முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். பழைய மேக்குகள் வட்டில் கோப்புகளை வைக்கும் முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை எப்போதும் இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். அதற்குப் பதிலாக 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது, ஆனால் அந்தக் கணினி அதற்கும் முந்தியது. ஆர்சிங்க் பிரிந்த பெயரைப் பிரிந்தபடியே லினக்ஸில் இறக்கிவிட்டது. லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அதில் உள்ள எழுத்து எது என்று அது கேட்பதில்லை. அப்புறம் மேக் எஸ்எம்பி வழியாக அதே ஃபோல்டரைக் கேட்கும்போது சேர்த்து எழுதிய "பொ"-வைக் கேட்கிறது. அப்படி ஒன்று இல்லை என்கிறது சர்வர். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். "கா"-வுக்கும் "கே"-வுக்கும் பிரிக்க ஒன்றும் இல்லை, அதனால் கல்யாணமும் காதுகுத்தும் தப்பித்தன.

ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைக்கிறவர்கள் இதைச் சந்திக்கவே மாட்டார்கள். பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளுக்கு இதே தொல்லை உண்டு என்பதால் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. கான்வ்எம்வி என்ற சின்ன நிரல், பெயர்களைச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றிவிடும். முதலில் அதைச் சோதனை முறையில்தான் ஓட்ட வேண்டும். அப்போது என்னென்ன மாற்றப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அந்தப் பட்டியலில்தான் பெரிய விஷயம் கிடைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சேர்ந்த பெயரும் பிரிந்த பெயரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தன. ஒன்று மேக்கில் இருந்து வந்தது, மற்றது விண்டோஸில் யாரோ அதே பெயரில் உருவாக்கியது. கண்ணுக்கு ஒரே பெயர், இரண்டு ஃபோல்டர். மெஷின் அண்ணன் சொன்னதேதான்.

அவற்றை நிரலிடம் விடவில்லை. அக்காவும் நானும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எது கடைசி, எது பழசு என்று பிரித்தோம். தேதியை நம்ப முடியவில்லை, ஏனென்றால் சில கணினிகளில் கடிகாரமே தப்பாக ஓடியிருக்கிறது. அக்காவின் நினைவுதான் கைகொடுத்தது. "இந்தப் புள்ளையாருக்குத் தும்பிக்கை இடப்பக்கம்னு மாத்தச் சொன்னாங்க, அதனால இதுதான் கடைசி" என்று சொல்வார், சரியாக இருக்கும்.

நிரலால் தீராத தமிழ்ச் சிக்கல்களும் உண்டு. "கௌரி" என்பதை சிலர் ஔகாரக் குறி போட்டு அடிப்பார்கள், சிலர் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரம் போடுவார்கள். இவை உண்மையிலேயே வேறு வேறு எழுத்துகள், எந்த நிரலும் ஒன்றாக்காது. "ஸ்ரீ" இன்னும் மோசம். அதன் முதல் எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு இடம் இருக்கிறது. ஸ என்ற பழைய இடம் ஒன்று, 2005-இல் சேர்த்த ஶ என்பது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டில் எதை அடித்தாலும் ஒரே ஸ்ரீ-தான் வரும். எந்தக் கீபோர்டில் அடித்தோம் என்பதைப் பொறுத்து உள்ளே மாறும். கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் இடத்தில் ஸ்ரீ இல்லாத பெயர் எத்தனை இருக்கும்? தேடினால் பாதிதான் கிடைக்கும்.

நீளமும் பிரச்சினையானது. சர்வரின் கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட் வரைதான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். அதாவது 85 குறி. புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறியாகக் கணக்காகும், "ஸ்ரீ" மட்டுமே 4 குறி, 12 பைட். விண்டோஸ் தன் வட்டில் 255 குறி வரை அனுமதிக்கும். அதனால் ஊர், மண்டபம், மாப்பிள்ளை பெயர், "கடைசித் திருத்தம் இரண்டு" எல்லாம் சேர்த்து வைத்த பெயர் அங்கே சேமிப்பாகிவிடும், சர்வருக்குப் போகாது.

ஆங்கிலத்தில் பெயர் வைக்கச் சொல்லியிருந்தால் இதெல்லாம் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். முதலாளியும் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே சுப்பிரமணியத்தை ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதலாம், ஆறும் சரி என்பார்கள். தமிழில் எழுதி, தமிழில் யோசித்து வேலை செய்கிறவரைப் பெயர் வைக்க மட்டும் வேறு மொழிக்குப் போகச் சொன்னால், அவர் "நியூ 1", "நியூ 2" என்றுதான் வைப்பார். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் கவுண்டரில் எண் விழுகிறது. ஃபோல்டரின் பெயர் அந்த எண்ணில் தொடங்கும். வருடம் இரண்டு இலக்கம், வேலை எண் நான்கு இலக்கம். அப்புறம் இடைவெளி விட்டு வாடிக்கையாளர் பெயர் தமிழில், சுருக்கமாக. தேடுவது எண்ணை வைத்து, அடையாளம் காண்பது பெயரை வைத்து. எந்தக் கீபோர்டில் எந்த ஸ்ரீ விழுந்தாலும் பரவாயில்லை.

மேக் விட்டுச் செல்லும் துண்டுகள்

மேக்கில் தேதியைச் சாய்கோடு போட்டு, 10/12 என்று பெயரில் எழுதலாம். விண்டோஸில் அந்தக் குறிக்கு அனுமதி இல்லை. அந்தக் கோப்பு அங்கே புரியாத எழுத்தும் எண்ணும் கலந்த குட்டிப் பெயரில் தெரிந்தது. சாம்பாவில் கேட்டியா, ஃப்ரூட் என்று இரண்டு துணைப்பகுதிகள் இருக்கின்றன. முதலாவது இந்தக் குறிகளை மாற்றிக் காட்டும். இரண்டாவது, மேக் ஒவ்வொரு கோப்போடும் வைத்துக்கொள்ளும் கூடுதல் தகவலைத் தனிக் கோப்பாகச் சிதறவிடாமல் உள்ளேயே வைக்கும். பென் டிரைவ் காலத்தில் புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் 4 கிலோபைட் கோப்புகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருந்தன. விண்டோஸில் அதைத் திறந்துவிட்டு "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்று பதறுவார்கள். நிஜக் கோப்பு பக்கத்திலேயே நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் சேர்த்தேன், இதை யாரும் விட்டுவிடக் கூடாது. நெட்வொர்க் ஃபோல்டரில் விண்டோஸில் இருந்து அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அப்படியே போய்விடும். சாம்பாவின் ரீசைக்கிள் துணைப்பகுதியைப் போட்டால் அழித்தவை சர்வரில் ஒரு மூலையில் தங்கும். முதல் மாதத்திலேயே ஒரு ஆண்டு மலர் முழுதும் அங்கிருந்து திரும்பி வந்தது. இது போக, ராத்திரி தோறும் தனி வட்டுக்கு நகல் எடுக்கிறது. அந்த வட்டு பகலில் எந்தக் கணினிக்கும் தெரியாது.

எக்ஸ்பி

பிளேட் செட்டரை ஓட்டும் மென்பொருள் எக்ஸ்பியில் மட்டும் ஓடும். அதன் பூட்டு பழைய பேரலல் போர்ட்டில் செருகிய ஒரு டாங்கிள், அது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும். மாற்ற வேண்டுமென்றால் பிளேட் செட்டரையே மாற்ற வேண்டும், அது இப்போதைக்கு நடக்காது.

எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம்பறிக்கும் நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே வருடக் கடைசியில் விண்டோஸ் 10 புதிய பதிப்பில் எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவது நின்றது. 2019-இல் சாம்பாவும் அதை மூடியே அனுப்பத் தொடங்கியது. இணையத்தில் தேடினால் சாம்பாவில் ஒரு வரியை மாற்றி அதைத் திறந்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த வரி ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பொருந்தாது, சர்வர் முழுதும் திறக்கும். ஒரு பழைய கணினிக்காகப் பத்துக் கணினியின் கதவைத் திறப்பது அது.

சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, எக்ஸ்பிக்குத் தனிக் கேபிள் இழுத்தேன். அந்தக் கேபிளில் சர்வரும் எக்ஸ்பியும் மட்டும். எக்ஸ்பிக்கு இணையம் இல்லை, அலுவலக நெட்வொர்க்கும் தெரியாது. "பிளேட்டுக்கு" என்ற ஃபோல்டரில் டிடிபி அக்கா இறுதி பிடிஎஃப்-ஐப் போடுவார். ஒரு சின்ன நிரல் அதன் வேலை எண்ணை மட்டும் பெயராக வைத்து எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய முறை) பகுதிக்கு நகலெடுக்கும். எக்ஸ்பியிலேயே உள்ள பழைய எஃப்டிபி கட்டளைக்குத் தமிழ்ப் பெயர் புரியாது, எண் புரியும். ஒரே எண்ணில் இரண்டாவது பிடிஎஃப் வந்தால் பழையது அங்கிருந்து விலகி விடும். பிளேட் அறையில் எப்போதும் ஒரு வேலைக்கு ஒரே கோப்புதான் இருக்கும். மெஷின் அண்ணன் திரையில் இருக்கும் ஒரு ஐகானை இரண்டு முறை தட்டினால் போதும்.

அதற்குப் பிறகு

கணக்கின் விண்டோஸ் 7 இரண்டில் ஒன்றை மாற்றி விண்டோஸ் 11 வாங்கினார்கள், இன்னொன்று வரிசையில் இருக்கிறது. புதியது 24எச்2 பதிப்பு. பாஸ்வேர்டு இல்லாத ஃபோல்டரை அது ஏற்காது, தகவலில் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்றும் கேட்கும். பயனர் பெயரோடு முதல் நாளே அமைத்திருந்ததால் ஒரு தடங்கலும் இல்லாமல் உள்ளே வந்தது. கணக்கு அக்கா பாஸ்வேர்டு பற்றிப் பிறகு பேசவில்லை.

உதைத்தது ஜெராக்ஸ் மெஷின்தான். ஸ்கேன் எடுத்து நேராகக் கணக்குக் கணினியின் ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தது, அது பேசியதும் எஸ்எம்பி 1. அந்தக் கணினி மாறிய அன்றே நின்றுபோனது. அதன் மெனுவைப் புரட்டிப் பார்த்ததில் எஃப்டிபிக்கும் அனுப்ப முடியும் என்று தெரிந்தது. எக்ஸ்பியின் தனிக் கேபிளில் ஒரு சின்ன சுவிட்சை வைத்து ஜெராக்ஸையும் அந்தப் பக்கம் சேர்த்தேன். ஸ்கேன்கள் சர்வரில் ஒரு பெட்டியில் விழுகின்றன, அங்கிருந்து கணக்கு ஃபோல்டருக்குப் போகின்றன. பிளேட் செட்டருக்கு மாற்று வரும் வரை அந்தக் குட்டி சுவிட்ச் அங்கேயே இருக்கும். அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டி, "இதில் வேறு எதையும் செருக வேண்டாம்" என்று டிடிபி அக்கா தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.